கூடத்துக்கு வரும் பாட்டு: வட அமெரிக்க வீட்டுக் கச்சேரிச் சேவைகள், ஒரு மதிப்பீடு

தாமே பாட்டெழுதி, தாமே கிதார் வாசித்துப் பாடும் நாட்டார் மரபுப் பாடகர் ஒருவர் அமெரிக்காவிலோ கனடாவிலோ சுற்றுப்பயணம் கிளம்பினால், வெள்ளி, சனி இரவுகளுக்கு ஓர் அரங்கமோ மதுக்கூடமோ கிடைத்துவிடும். இடையில் வரும் செவ்வாயும் புதனும்தான் கையைக் கடிக்கும். பெட்ரோல், விடுதி, சாப்பாடு என்று செலவு ஓடும், வரவு இருக்காது. அந்த நாள்களைத் தாங்கிப் பிடிப்பது வீட்டுக் கச்சேரி. ஒரு குடும்பம் தன் கூடத்தில் சோபாவை ஒதுக்கிவிட்டு நாற்காலி போடுகிறது. நண்பர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிடுகிறது. வருகிறவர்கள் ஆளுக்கு 15 முதல் 25 டாலர் வரை நன்கொடை தருகிறார்கள். அந்தப் பணம் முழுதும் பாடகருக்கே. இரவுச் சாப்பாடும் படுக்கையும் அதே வீட்டில்.

பாடகரையும் வீட்டாரையும் சேர்த்துவைக்கப் பல சேவைகள் இருக்கின்றன. அவற்றுள் ஐந்தை இங்கே பார்க்கலாம். எடைபோட ஒரு கேள்வி போதும்: கூட்டத்தைக் கூப்பிடுவது யார்? வீட்டார் கூப்பிட்டால் வருகிறவர்கள் விருந்தாளிகள். வீட்டுக்கு வந்த மரியாதையோடு உட்கார்ந்து கேட்பார்கள். நிறுவனம் கூப்பிட்டால் வருகிறவர்கள் வாடிக்கையாளர்கள். அப்போது கூடம் ஒரு சின்ன அரங்கமாகிவிடும். பாட்டின் தரமும் பாடகரின் வருமானமும் இந்த வேறுபாட்டைத் தொடர்ந்துதான் வருகின்றன.

அந்த அளவுகோலில் முதலிடம் ஹோம் ரூட்ஸுக்கு. கனடாவின் வின்னிபெக் நகரில் 2007-இல் தொடங்கிய இலாப நோக்கற்ற அமைப்பு இது. தொடங்கியவர்களில் மிட்ச் பொடோலக்கும் ஏவா கொப்ரின்ஸ்கியும், 1974-இல் வின்னிபெக் நாட்டார் இசை விழா பிறந்தபோதே அதில் முன்நின்றவர்கள். பெரிய திருவிழா நடத்திய கைகள் நாற்பது பேர் உட்காரும் கூடத்துக்குத் திரும்பியது தற்செயல் அல்ல. விழா கோடையில் ஒரு வாரக்கடைசியோடு முடிந்துவிடும். பாடகருக்கு மீதி மாதங்களிலும் வயிறு உண்டு.

இவர்களின் முறை, வீடுகளைச் சங்கிலியாகக் கோப்பது. ஒரு வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு டஜன் வீடுகள். ஒரு பாடகர் இரண்டு வாரத்தில் அத்தனை வீட்டிலும் பாடிவிட்டு ஊர் திரும்புவார். ஒவ்வொரு வீடும் இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரைக்குள் ஆறு கச்சேரிகள் நடத்த ஒப்புக்கொள்கிறது. பாடகருக்கு இதன் அருமை தூரக் கணக்கில் தெரியும். கனடாவின் சஸ்காச்செவான் மாநிலப் புல்வெளி ஊர்களில் ஒரு கச்சேரிக்கும் அடுத்ததற்கும் இடையே 600 கிலோமீட்டர் ஓட்டினால் வந்த பணம் பெட்ரோலுக்கே போய்விடும். அடுத்தடுத்த ஊர்களாகக் கோத்துக் கொடுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேர ஓட்டம்தான். வீட்டாருக்கு இதன் அருமை வேறு. ஆறு கச்சேரி என்பதால் முதல் இரவு பதினைந்து பேர் வந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. வந்த பதினைந்து பேரே அடுத்ததற்கு ஆளுக்கு ஒருவரை அழைத்து வருவார்கள்.

பாடகரைத் தேர்ந்தெடுப்பது அமைப்புதான், வீட்டார் அல்ல. சிலருக்கு இது குறையாகப் படும். கேள்விப்படாத பெயர் ஒன்று வந்து நிற்கும்போது நண்பர்களை எப்படிக் கூப்பிடுவது என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் மூன்று நான்கு கச்சேரிக்குப் பிறகு, அக்கம்பக்கத்தார் பாடகர் பெயரைக் கேட்டு வருவதை விட்டு வீட்டை நம்பி வரத் தொடங்குவார்கள். அந்த நம்பிக்கை உருவாகிவிட்டால், பெயரே தெரியாத ஒரு பாடகர் அந்தச் சின்ன ஊரில் நிறைந்த கூடத்துக்கு முன்னால் பாடுவார். வேறெந்தச் சேவையும் இதை இவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

பாடகரைத் தாமே தேர்ந்தெடுக்க விரும்புகிறவர்களுக்கு கான்செர்ட்ஸ் இன் யுவர் ஹோம். ஃபிரான் ஸ்னைடர் என்ற பாடகரே 2006-இல் தொடங்கியது. வீட்டார் இலவசமாகச் சேரலாம். பாடகர்கள் சந்தா கட்டுகிறார்கள், தேர்வுக்குப் பிறகே சேர்க்கப்படுகிறார்கள். தேதி, தொகை, தங்குமிடம் எல்லாம் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும். இதில் வழக்கமாக வரும் சிக்கல், பேசாமல் விட்டவை. குறைந்தபட்சத் தொகை உண்டா, ஒலிக்கருவி யார் கொண்டுவருவது, பாடகரோடு துணைவரோ நாயோ வருகிறதா, பூனை ஒவ்வாமை உண்டா, சைவமா அசைவமா, மாடிப்படி ஏற முடியுமா: இவற்றை ஒரே மின்னஞ்சலில் முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால் பாதித் தலைவலி தீரும். குறைந்தபட்சத் தொகைக்கு ஒப்புக்கொண்ட வீட்டார், நன்கொடைக் கூடையில் பணம் குறைந்தால் மீதியைத் தம் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு மனமில்லாவிட்டால் அந்தச் சொல்லையே எடுக்கக் கூடாது.

தேர்ந்தெடுக்க இன்னொரு நல்ல இடம், 1989-இல் தொடங்கிய நாட்டார் இசைத் துறையினர் அமைப்பான ஃபோக் அலையன்ஸின் ஆண்டு மாநாடு. பகல் நிகழ்ச்சிகளை விட நள்ளிரவைத் தாண்டி நடக்கும் அறைக் கச்சேரிகள்தான் முக்கியம். விடுதி அறையில் கட்டிலை அகற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார, பாடகர் மைக் இல்லாமல் அரை மணி நேரம் பாடிவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவார். கூடத்தில் அவர் எப்படி இருப்பார் என்பதற்கு இதைவிட நேரான சோதனை கிடையாது. மேடையில் ஜொலிக்கிற சிலர் ஆறடி தூரத்தில் கண்ணைப் பார்த்துப் பாடத் திணறுவதும் இங்கேதான் தெரியவரும்.

ஏற்கெனவே ரசிகர் கூட்டம் உள்ள பாடகர்களுக்கு அண்டர்டோ என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் ‘லிவிங் ரூம் ஷோஸ்’. 2009-இல் டேவிட் பசான் என்ற பாடகரின் சுற்றுப்பயணத்திலிருந்து வளர்ந்தது. பாடகரின் ரசிகர்களே வீட்டைத் தர முன்வருகிறார்கள்; சீட்டு இணையத்தில் விற்கப்படும்; வாங்கியவருக்கு மட்டும் முகவரி போகும். வருகிறவர்கள் வீட்டாருக்கு அந்நியர்கள்தான். ஆனால் எல்லோரும் ஒரே பாடகரைத் தேடி வந்தவர்கள் என்பதால் கூடம் அமைதியாகவே இருக்கும். புதிய பாடகருக்கு இது உதவாது.

சைட் டோர் 2017-இல் கனடாவில் டான் மாங்கன் என்ற பாடகரும் லாரா சிம்ப்சனும் தொடங்கியது. வீடு, கடை, நூலகம் எதுவானாலும் இடம் என்று பதிந்துகொண்டு, சீட்டுப் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று முன்பே பிரித்து எழுதிவிடுகிறார்கள். கணக்கு சுத்தம். பணப் பேச்சு கூச்சமாக இருக்கும் வீட்டாருக்கு ஏற்றது.

சோஃபார் சவுண்ட்ஸ் 2009-இல் லண்டனில் ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கி உலகமெங்கும் பரவியது. மூன்று கலைஞர்கள், ஆளுக்கு நான்கைந்து பாட்டு, யார் பாடுகிறார் என்பது கடைசிவரை ரகசியம். இசை கேட்க ஒரு மாலை வேண்டுமென்றால் நல்ல மாலை. ஆனால் நாட்டார் மரபினர் வீட்டுக் கச்சேரி என்று சொல்வது இதை அல்ல. இருபது நிமிடத்தில் ஒரு பாடகர் தன் பாட்டுக்குப் பின்னாலுள்ள கதையைச் சொல்லி முடிக்க முடியாது. 2019 வாக்கில் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சிக்குக் கலைஞருக்குக் கிடைத்த 100 டாலர் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. ஊதியமின்றி வேலை செய்தவர்கள் தொடர்பாக நியூயார்க் மாநிலத் தொழிலாளர் துறையோடு 2020 ஜனவரியில் நான்கரை லட்சம் டாலருக்கு மேல் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. நாற்பது பேர் வீட்டாரின் கூடையில் ஆளுக்கு 20 டாலர் போட்டால் 800. அது ஒரே பாடகருக்கு. இந்த ஒரு பெருக்கலிலேயே இரண்டு முறைகளின் வேறுபாடு தெரிந்துவிடும்.

எந்தச் சேவை மூலம் வந்தாலும் கச்சேரியைத் தூக்குவதும் கெடுப்பதும் கூடம்தான். எனவே அதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

நாற்பது பேருக்கு மடக்கு நாற்காலி போட, நடைவழியோடு சேர்த்து ஆளுக்கு ஆறேழு சதுர அடி வேண்டும். பாடகருக்கு ஆறுக்கு எட்டு அடி. ஆகப் பதினைந்துக்கு இருபது அடிக் கூடம் சரியாக இருக்கும். நம் வீடுகளில் ஒரு வசதி உண்டு: முன் இரண்டு வரிசைக்கு நாற்காலியே வேண்டாம், ஜமக்காளம் விரித்தால் போதும். இடமும் மிச்சம், பின்னாலிருப்பவர்களுக்குப் பார்வையும் மறைக்காது. அமெரிக்காவில் கர்நாடக இசைக்கு வீட்டுக் கச்சேரி வைத்துப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காப்பிக்குப் போகும் பழக்கம் இங்கே செல்லாது. ஒரே ஒரு குரலும் ஒரு கிதாரும்தான். ஒருவர் எழுந்தாலே பாட்டு அறுந்துவிடும்.

பாடகரை நீளச் சுவரின் நடுவில் நிறுத்தி, நாற்காலிகளைப் பிறை வடிவில் போடுவது சிறந்தது. கடைசி ஆளும் பதினைந்தடிக்குள் இருப்பார். மூலையில் நிறுத்தக் கூடாது: இரண்டு சுவரும் தாழ்ந்த ஒலியைத் திருப்பி அனுப்பி, கிதாரின் தடித்த கம்பிகள் குழறும். பாடகருக்குப் பின்னால் கழிப்பறைக் கதவோ சமையலறை வழியோ இருக்கக் கூடாது. இந்தத் தவறு வியக்கத்தக்க அளவுக்கு அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் ஒருவர் பாடகரை உரசிக்கொண்டு போவார்.

உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை விடுகிறது. நாற்பது பேர் என்றால் 4,000 வாட்; 1,500 வாட் அறை ஹீட்டர் இரண்டரைக்கு மேல் ஓடுவதற்குச் சமம். ஆகவே குளிர்காலத்திலும் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டு ஹீட்டரைக் குறைத்துவிட வேண்டும். ஆள்கள் வரும்போது சற்றுக் குளிரட்டும், பரவாயில்லை. இதைச் செய்யாத வீடுகளில் இரண்டாம் பாதியில் பாதிப் பேர் கண்ணயர்வார்கள், கிதார் சுருதி நழுவிக்கொண்டே இருக்கும். ஹீட்டரும் ஏசியும் காற்றுத் துவாரத்தில் எழுப்பும் இரைச்சல் தினமும் கேட்டுப் பழகிய வீட்டாருக்குத் தெரியாது. மெல்லிய பாட்டுக்கு அது சுவர்போல் நிற்கும். பாடும் நேரத்துக்கு அணைத்துவிட்டு இடைவேளையில் போடலாம். ஃப்ரிட்ஜையும் அணைக்க வேண்டும். அணைத்ததை மறக்காமலிருக்க, ஒலிப்பதிவுக்காரர்களிடம் ஒரு பழைய வழி உண்டு: கார் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. வீட்டாரின் சாவியோ, அங்கேயே தங்கப்போகும் பாடகரின் சாவியோ என்றால் மறுநாள் காலைவரை யாரும் தேட மாட்டார்கள். அதனால் கடைசியில் கிளம்பும் ஒரு நண்பரின் சாவியே சரி. மணியடிக்கும் சுவர்க் கடிகாரத்தை நிறுத்தி, நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட வேண்டும்.

விளக்குக்குச் செலவே இல்லை. மஞ்சள் ஒளிதரும் பல்பு பொருத்திய இரண்டு கவ்வி விளக்குகளைப் பாடகரின் இடமும் வலமும் சாய்வாக, கண் மட்டத்துக்கு மேலே மாட்டினால் போதும். கூட்டத்தின் பக்கம் விளக்குகள் பாதி அணைந்திருக்கட்டும். டிம்மர் ஸ்விட்சை மட்டும் தொடாதீர்கள். கிதாரின் ஒலியை மின்குறியாக மாற்றும் பிக்கப் என்ற உறுப்பில், சில வகைகளில், அது ஈ ரீங்காரம்போல் ஒலிபெருக்கியில் கேட்கும்.

ஒலிபெருக்கி வேண்டுமா? முப்பது நாற்பது பேர் வரை, சுத்தமாக வேண்டாம். இதில் வீட்டாரைவிடப் பாடகர்தான் தயங்குவார். தினமும் மைக்கோடு பாடிப் பழகியவர். மைக்கை எடுத்துவிட்டால் கூட்டம் தானாகவே மூச்சை அடக்கிக் கேட்கும். அதற்குமேல் ஆள் வந்தாலோ, பாடகர் மென்குரல்காரராக இருந்தாலோ, சின்னக் கருவி போதும். ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி 60 வாட், ஏறக்குறைய 9 கிலோ, கிதாருக்கு ஒன்று மைக்குக்கு ஒன்று என்று இரண்டு வழிகள். கூடத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். ஜெர்மனியின் ஏஇஆர் காம்பாக்ட் 60 அதே வாட்தான், எடை இன்னும் குறைவு, கிதாரின் ஒலி இன்னும் தெளிவு, விலை பல மடங்கு. அடிக்கடி கச்சேரி நடத்தும் வீட்டுக்கு முதலாவதே போதும். போஸ் எல்1 காம்பாக்ட் போன்ற தூண் வடிவக் கருவிகள் ஐம்பது அறுபது பேருக்கு நல்லவை. அவற்றைப் பாடகருக்குப் பின்னால் வைக்கலாம் என்பார்கள். பெரிய அறையில் சரி. கூடத்தில் மைக் அதைக் கேட்டு ஊளையிடும். பக்கவாட்டில், மைக்கின் வாய்க்கு எதிர்த்திசையில் வைக்க வேண்டும்.

எந்த ஒலிபெருக்கிப் பெட்டியையும் தரையில் வைக்கக் கூடாது. முன்வரிசையின் முழங்காலுக்கு மட்டும் பாட்டு கேட்கும். ஒரு ஸ்டூலின்மேல், உட்கார்ந்தவர்களின் தலைக்குச் சற்று மேலே வையுங்கள். பெரிய உடல் கொண்ட கிதார்களில் 100 ஹெர்ட்ஸ் அருகே உறுமல் கிளம்பினால் ஒலியைக் குறைப்பதற்கு முன், கீழ்ஸ்தாயியைக் குறையுங்கள். கிதாரின் வட்ட வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள். இன்னொன்று: வெறும் கூடத்தில் சோதித்த ஒலி நாற்பது பேர் உட்கார்ந்ததும் மந்தமாகிவிடும். உடலும் உடையும் ஒலியைக் குடித்துவிடும். சோதனையில் சற்றுக் கூர்மையாகவே விட்டுவைப்பது சரி.

கனடாவின் குளிர்காலத்தில் பாடகரின் கிதாருக்கே ஆபத்து உண்டு. வெளியே சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி, உள்ளே ஹீட்டர் உலர்த்திய காற்று. மரக் கிதாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். அந்த வீடுகளில் அதில் பாதிகூட இருக்காது. கிதார் பெட்டியைக் காரிலிருந்து கொண்டுவந்த உடனே திறந்தால் வார்னிஷ் சிலந்தி வலைபோல் வெடிக்கும். மூடிய பெட்டியிலேயே சில மணி நேரம் இருந்து சூடேறட்டும். பாடகர் தங்கும் அறையில் ஓர் ஈரப்பதக் கருவியை முதல் நாளே ஓட விடும் வீட்டாரைப் பாடகர்கள் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்கள்.

அழைப்பை ஆறு வாரம் முன்பு அனுப்பி, அதில் பாடகரின் ஒரே ஒரு பாட்டுக்கு இணைப்பு கொடுங்கள். ஐந்து கொடுத்தால் யாரும் ஒன்றையும் கேட்க மாட்டார்கள். இரண்டு வாரம் முன்பு நினைவூட்டல். இரண்டு நாள் முன்பு வண்டி நிறுத்தும் இடத்தோடு கடைசிச் செய்தி. ‘வரப் பார்க்கிறேன்’ என்றவரை வரமாட்டார் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். முகவரி, வருவதாக உறுதி சொன்னவருக்கு மட்டும். ஆறரைக்குச் சாப்பாடு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரட்டும். ஏழரைக்குப் பாட்டு. நாற்பத்தைந்து நிமிடம், இருபது நிமிட இடைவேளை, மறுபடி நாற்பத்தைந்து.

சீட்டு என்று சொல்லாமல் நன்கொடை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் சீட்டு விற்றால் அது வியாபாரமாகிவிடும். நகராட்சி விதியும் வீட்டுக் காப்பீடும் குறுக்கே வரும். மது விற்கவே கூடாது. வேண்டியவர் தம் புட்டியைக் கொண்டுவரலாம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், குடும்பமும் அதன் வழக்கமான நட்பு வட்டமும் தாண்டிக் கணிசமானோர் கூடினால் அது பொது நிகழ்ச்சி என்கிறது. அழைப்பைச் சமூக ஊடகத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டால் நட்பு வட்டம் என்று சொல்ல இடமிருக்காது.

பணத்தில் நடக்கும் தவறு ஒன்றே: கூடையைக் கடைசியில் வாசலருகே வைப்பது. கோட்டு, செருப்பு, குழந்தை என்ற அவசரத்தில் நல்ல மனம் உள்ளவர்களும் மறந்துபோவார்கள். நுழையும்போதே ஒரு நண்பர் கூடையோடு நிற்கட்டும். முதல் பாதி முடியும் இடத்தில், பாடகர் அல்ல, வீட்டார் எழுந்து இரண்டே வாக்கியம் சொல்ல வேண்டும்: இவர் இதை நம்பித்தான் வாழ்கிறார், இன்றைய பணம் முழுதும் இவருக்கே. பையில் ரொக்கம் இல்லாதவர்களுக்கு அமெரிக்காவில் வென்மோ, கனடாவில் இன்டராக் என்ற இணையப் பணப்பரிமாற்ற விவரத்தை ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். குறுந்தகடும் இசைத்தட்டும் விற்கும் மேசை சாப்பாட்டு மேசைக்குப் போகும் வழியில் இருக்கட்டும். விற்பனையை வேறொருவர் பார்த்துக்கொண்டால் பாடகர் நின்று பேசவும் கையெழுத்துப் போடவும் முடியும். ஒரு நல்ல இரவில் இந்த மேசை கூடைக்கு இணையாக வருவதுண்டு.

முதல்முறை நடத்துகிறவர் சின்ன ஊரில் இருந்தால் ஹோம் ரூட்ஸ், பெரிய நகரில் இருந்தால் கான்செர்ட்ஸ் இன் யுவர் ஹோம். இரண்டிலும் கூடைப் பணத்தை ஓர் உறையிலிட்டு, அவர் முன் எண்ணாமல், எதையும் கழிக்காமல், பாடகரைத் தனியே கூப்பிட்டுக் கையில் கொடுங்கள். கூட்டம் கலைந்த பிறகும் நான்கைந்து பேர் பாடகரை விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். அவருக்குக் காலையில் மூன்று மணி நேர ஓட்டமும் இரவில் இன்னொரு கச்சேரியும் இருக்கும். பதினொன்றுக்குள் அறையைக் காட்டிவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்து நண்பரை வழியனுப்புங்கள்.